எத்தனை முறுக்கு சாப்பிட்டீங்க?

எங்கள் அத்தைக்கு எதையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். தண்ணீர் வராத பாலாறு அவருக்கு "சோறு போடாத எல". பார்க்கச் சுமாரான மாப்பிள்ளை என்றால், "ஆற்காட்டு மக்கன் பேடாடா அவன். மேல பாத்து முடிவு பண்ணாத, பிட்டா உள்ள முந்திரி கீது."

வீட்டுக்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாவம் இல்லையா?

வயிற்று வலி என்று வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டர், மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார்.

"வலி எப்படி இருக்கும்மா?"

"முறுக்கு பிழியறாப்பல கீது டாக்டரு."

"எத்தனை முறுக்கு சாப்பிட்டீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தேன்.

"நா எங்கப்பா துன்னேன்? உள்ள ஒருத்தன் குந்திகினு பிழியறான். ராத்திரி நாலு வட துன்னேன், அப்போலேர்ந்து."

டாக்டர் முறுக்கை அடித்துவிட்டு வடை என்று எழுதினார்.

"நெஞ்சு எரிச்சல் இருக்கா?"

"புளிய கரைச்சி ஊத்தனாப்பல கீது."

"புளிக்குழம்பு வேறயா?"

இதற்கு மேல் விட்டால் சரவண பவன் பில் மாதிரி ஆகிவிடும் என்று நடுவில் புகுந்து விளக்கினேன். டாக்டர் சிரித்துவிட்டார். எங்கள் பாடப் புத்தகமும் இதே கதைதான் என்றார். காலராவில் பேதி அரிசி கழுவின தண்ணீர் போலப் போகும். இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கிய கல்லீரலை வெட்டினால் ஜாதிக்காய் போல இருக்கும். ஸ்கார்லெட் காய்ச்சலில் நாக்கு சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்து, ஸ்ட்ராபெர்ரி போல ஆகும்.

கழனித் தண்ணிக்கு அத்தை தலையாட்டினார். ஸ்ட்ராபெர்ரிக்கு மறுப்பு. "அத யாரு கண்டது? மொளகாத்தூள் தூவின சீத்தாப்பழம்னு எழுத வேண்டியதுதான?"

ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. "மிளகு சைஸ்தாம்மா" என்றார் டாக்டர்.

"அதான் இவ்ளோ காரம்!"

எண்ணெய்ப் பலகாரம், கொழுப்பு எல்லாம் குறைக்க வேண்டும் என்று அவர் கொஞ்சம் கறாராகவே சொன்னார். வெளியே வந்ததும் அத்தை மாமாவுக்குப் போன் போட்டார்.

"டாக்டரு தங்கமான புள்ள. நம்ம இலவம்பாடி கத்திரிக்காதான். காம்புல முள்ளு, உள்ள வெண்ண."

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய் அது. அத்தை வாயால் இதற்கு மேல் ஒரு பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை.

மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "சரி, கத்திரிக்கா துன்னலாம்னாரா, வாணாம்னாரா?"