அரிச்சல்முனைக்கு நாலரை கிலோமீட்டர் இருக்கும்போது

தொண்டில இருந்து கடலோரமாவே நடந்து, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன்லாம் தாண்டி ஆறாவது நாள் தனுஷ்கோடி வந்துட்டோம், 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் பக்கத்துல நிக்கிறோம், நிலம் முடியிற அரிச்சல்முனைக்கு இன்னும் நாலரை கிலோமீட்டர்தான். காத்து மணலை வாரி மூஞ்சில அடிக்குது.

"ஆண்கடல் ரோட்டுக்கு ஏறுது தம்பி, இன்னைக்கு விடமாட்டாங்க, திரும்பிருங்க"ன்னு சங்கு விக்கிற அக்கா சொன்னாங்க. அலை அடிக்கிற மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண்கடல்னும், அமைதியான பாக் நீரிணை பக்கத்தை பெண்கடல்னும் இங்க சொல்வாங்க. பெண்கடல் பக்கம் பாத்தா குளம் மாதிரி கெடக்கு, அதான் மனசு ஆறல.

ஷூவைக் கழட்டினேன், குதிகால் கொப்புளம் உடைஞ்சு சாக்ஸோட ஒட்டிருக்கு. இத்தனை நாள் வலிக்காதது அப்பதான் வலிச்சுச்சு. நண்பன் எதுவும் பேசல. அக்காதான் மணல்ல தோண்டின ஊத்துல அகப்பையால மொண்டு குடுத்தாங்க, கடல் அவ்ளோ பக்கத்துல, தண்ணி துளிகூட கரிக்கல. குடிச்சுட்டு ரொம்ப நேரம் கெழக்கையே பாத்துக்கிட்டு இருந்தோம்.