க்ளேயின் பிசிறுக் கோடு: வீட்டில் செய்து பார்த்தது

ஓவியர் பால் க்ளே 1922-இல் செய்த 'ட்விட்டரிங் மெஷின்' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தக் கோடு பேனாவால் போட்டதல்ல என்று தெரிந்துவிடும். கைப்பிடி வைத்த கம்பியில் நான்கு பறவைகள், பின்னால் நீலமும் இளஞ்சிவப்பும். கோட்டின் ஓரமெல்லாம் பிசிறு. ஆங்காங்கே காரணமே இல்லாமல் கறுப்புத் தீற்றல்கள். எனக்குப் பறவைகளைவிட அந்தக் கோட்டின் மேல்தான் ஆசை வந்தது.

முறை எளிதுதான், நாமே ஒரு கார்பன் பேப்பர் செய்துகொள்கிறோம். மெல்லிய தாளில் கறுப்பு ஆயில் கலரைத் தேய்த்து, கொஞ்சம் காயவிட்டு, நல்ல தாளின் மேல் கவிழ்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்கெனவே வரைந்துவைத்த படம். ஊசியால் கோட்டின் மேலேயே அழுத்திக்கொண்டு போனால் அடித்தாளில் கோடு இறங்கும். பிறகு வாட்டர்கலர். எண்ணெய்க் கோடு தண்ணீரில் கரையாது என்பதால் எவ்வளவு நீர் விட்டாலும் கறுப்பு கலங்காது.

நான் எடுத்துக்கொண்டது பட்டர் பேப்பர், ஒரு டியூப் லாம்ப் பிளாக் என்ற கறுப்பு ஆயில் கலர், தேய்க்கப் பழைய ஏடிஎம் கார்டு, ஊசிக்குப் பதில் ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. இதில் எல்லாமே கலர் காயும் பதத்தில்தான் இருக்கிறது. தேய்த்த உடனே கவிழ்த்தால் தாள் முழுக்க அப்பிக்கொள்ளும். ரொம்பக் காய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் கோடு வராது. தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. நியூஸ்பேப்பரை வைத்து ஒற்றி எடுத்தால் அதிகப்படி எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும், காத்திருக்கும் நேரமும் குறையும்.

ஆரம்பத்தில் தாளில் கையே படாமல் வரைந்தேன். கோடு சுத்தமாக வந்தது, ஆனால் உயிர் இல்லை. அப்புறம் உள்ளங்கையை வழக்கம்போல ஊன்றி வரைந்ததும் க்ளே படத்தில் பார்த்த தீற்றல்கள் தானாக வந்தன. அவர் அவற்றை மறைக்காமல் விட்டதன் காரணம் புரிந்தது. வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும் உருவத்தைச் சுற்றி அந்த அழுக்குத்தான் ஒரு வெளியை உண்டாக்குகிறது.

வரைய எடுத்தது எங்கள் வீட்டுத் தையல் மெஷின். மிதி இருந்த இடத்தில் கொக்கின் கால்கள். பாபினிலிருந்து கிளம்பும் நூல் நேராக அலகுக்குள் போகிறது. இந்த மாதிரி விளையாட்டுக்கு க்ளேயே தைரியம் கொடுக்கிறார். மகன் ஃபீலிக்ஸுக்கு அவர் செய்துகொடுத்த கைப்பாவைகளில் மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்சார சாக்கெட் எல்லாம் உண்டு. 1911-இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியவர், சிறுவயதில் வரைந்த படங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்!

கோடு தனி, நிறம் தனி என்பதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: ஒரே படத்தைப் பல தாள்களில் இறக்கலாம். நீலமும் ரோஸும் பூசியபோது என் கொக்கு மெஷின் சிரிப்பு மூட்டியது. அதே கோட்டுக்கு மஞ்சள் ஓக்கரும் பாசிப்பச்சையும் கொடுத்ததும் பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. கற்பனையெல்லாம் உருவத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

நிறத்துக்கும் அவரிடமிருந்தே ஒரு வழியை எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் அவர் கற்பிக்கத் தொடங்கிய 1921 வாக்கில், மெல்லிய வாட்டர்கலர் பூச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் படிப்படியாகப் போகும் படங்களைச் செய்தார். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய வேண்டும். ஈரம் இருந்தால் அடியில் உள்ளது கிளம்பிவிடும். கேக் கலரைவிட டியூப் கலர் நன்றாக நிற்கிறது. தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில் இருந்தால் சுருங்காது.

1914 ஏப்ரலில் அகஸ்ட் மக்கே, லூயி முவாயே ஆகிய ஓவிய நண்பர்களோடு துனீசியா போய் வந்த பயணத்தில்தான் க்ளேக்கு நிறம் வசப்பட்டது என்பார்கள். நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவரே டைரியில் எழுதியிருக்கிறார். சரி, ஆனால் அதற்கு முன் பல வருடங்கள் கறுப்பு வெள்ளையில் ஒளியையும் நிழலையும் பழகியவர் அவர். பூச்சு பூச்சாக அடுக்கிப் பார்த்த பிறகு, அந்தப் பழக்கம் இல்லாமல் துனீசிய வெயில் மட்டும் போதியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது சாக்குத்துணி. அதன் மேல் வெள்ளைப் பூச்சு போட்டு, நெசவு தெரியும்படியும் அவர் வரைந்திருக்கிறார். அரிசிச் சாக்கு ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. சாக்பவுடரும் பசையும் எந்த அளவில் கலந்தால் துணியை மடித்தாலும் வெடிக்காது என்று முதலில் பார்க்க வேண்டும்.