பின் அச்சு ஆயில் கசிவு: தவறு சீலில் இல்லை

என்னுடைய டீசல் எஸ்யூவிக்கு 16 வயதாகிறது; 2,14,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதன் செலவுகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். உதிரிபாகத்துக்கு ஒரு பத்தி, கூலிக்கு ஒரு பத்தி. போன மாதம் புரட்டிப் பார்த்தபோது ஒரே வேலை எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை பதிவாகியிருந்தது: இடது பின் சக்கரத்து ஆயில் சீல், அதாவது அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்.

சீலின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டை உருவ வேண்டும். டிரம்மின் உள்பக்கத்தில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ, கசிந்த எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைத் தூக்கி எறியத்தான் வேண்டும். கழுவி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு தடவைக்கும் கூட்டினால் ஒரு புது டயரின் விலையைத் தாண்டுகிறது. இப்போது டிரம்முக்குப் பின்னால் மூன்றாம் முறையாக ஈரம் தெரிந்தது. புது சீல் இவ்வளவு சீக்கிரம் ஏன் தோற்க வேண்டும் என்ற கேள்வி உறுத்தியது.

சக்கரங்களுக்கு முட்டு வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்தேன். பின் அச்சின் மேல் பக்கத்தில் பிரீதர் என்ற சிறிய வால்வு இருக்கிறது. ஓடும்போது டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) சூடேறி உள்ளே காற்று விரியும்; அது வெளியேறும் ஒரே வழி இதுதான். என் வண்டியில் அது காய்ந்த சேற்றுக் கட்டியாக இருந்தது. காற்றுக்கு வழியில்லாததால் அழுத்தம் சீலின் மீது விழுந்து எண்ணெயை வெளியே தள்ளியிருக்கிறது. அதைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து மாட்ட அரை மணி நேரம் ஆனது. செலவு எதுவும் இல்லை. இரண்டு பட்டறைகளில் ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

படுத்த கையோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றினேன். ஊற்றும் துளையின் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வடிக்கும் பிளக்கைத் திறந்து எண்ணெயை இறக்கிவிட்ட பிறகு மேல் பிளக் இறுகிக்கொண்டு திறக்காவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வடிந்த எண்ணெய் கறுப்பாக இருந்தது, பால் நிறம் இல்லை. தண்ணீர் புகவில்லை என்று நிம்மதி. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு கிடைத்திருந்தால் கதை வேறு. மேல் துளையில் வழியும் வரை 80டபிள்யூ-90 (எண்ணெயின் பிசுபிசுப்பு அளவு), ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் தர வகை) எண்ணெயை ஊற்றினேன். இதே எண்ணெயை மேனுவல் கியர் பாக்ஸுக்கும் ஊற்றிவிடக் கூடாது. என் வண்டியின் கியர் பாக்ஸ் ஜிஎல்-4 கேட்கிறது. ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளான கிராஸ்களுக்கு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் அடித்தேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றிவிடுகிறேன். டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அதற்கான வரம்பு 155 மட்டுமே. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் தளரும்; இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

மிச்சமிருக்கும் பெரிய செலவு, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகளை வளைத்துவிடும் வகை எஞ்சின் இது. பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லப்போகிறேன். பம்ப் பின்னால் கசிந்தால் எஞ்சினின் அதே முன்பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டும், அதே கூலியை மறுபடி தர வேண்டும்.

பிரீதரைச் சுத்தம் செய்து 1,800 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. நேற்று டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். ஷூ காய்ந்திருக்கிறது, துடைத்துவிட்ட இடத்தில் புதிய ஈரம் இல்லை. மூன்றாவது சீலைப் பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.