கார் நின்றாலும் இன்ஜின் ஏன் அணைவதில்லை?

ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவிட கிளட்ச் பெடலே கிடையாது. கியரை 'டி'யில் (டிரைவ்) போட்டுப் பிரேக்கை அழுத்தி நின்றாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. காரணம், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள், சுற்றிலும் எண்ணெய். இன்ஜின் பக்க விசிறி எண்ணெயை வீச, அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்க விசிறி சுழலும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றும்போது, அந்தத் தள்ளல் ரொம்பப் பலவீனம். பிரேக் சுலபமாக அடக்கிவிடும். எண்ணெய் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். பிரேக்கை விட்டதும் கார் தானாக ஊர்வதும் இதனால்தான்.

எனக்குப் பிடித்தது இரண்டு விசிறிகளுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேட்டர். திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, கிளம்பும்போது டார்க்கை (சுழற்றும் விசையை) ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிடும். ஜெர்மன் இன்ஜினியர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் டார்க் கன்வெர்ட்டர் யோசனையைக் கொண்டுவந்தது கப்பல்களுக்காக!

(ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானியங்கியாக்கிய கார்களில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. அங்கே சாதாரண கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மெஷின்.)