சைவம், குறைந்த மாவு, கனமான ராடு: 12 வாரக் குறிப்பேடு

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியபோது சைவர்களுக்கென்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. காலையில் 100 பாதாம், மதியம் காலிஃபிளவர் சோறு, மாலையில் வெண்ணெய் டீ, இரவில் நெய்யில் வறுத்த பனீர். எடை குறைக்க மட்டும் என்றால் அது பலருக்கு வேலை செய்தது. வாரம் மூன்று நாள் ராடு (இரு பக்கமும் பிளேட் மாட்டும் இரும்புக் கம்பி) தூக்குகிற உடம்புக்கு அது தாங்குமா என்று நாள்தோறும் எடை போட்டு எழுதிப் பார்த்த கணக்கு இது. முட்டை கிடையாது. தொடக்கத்தில் உடல் எடை 74 கிலோ, இடுப்பு 91 செ.மீ. ஐந்து ரெப்புக்கு (ஒரே மூச்சில் ஐந்து முறை; அப்படி ஒரு தொடர்தான் ஒரு செட்) ஸ்குவாட், அதாவது தோளில் ராடோடு உட்கார்ந்து எழுவது, 80 கிலோ. பெஞ்ச் பிரஸ், படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளுவது, 55. டெட்லிப்ட், தரையிலிருந்து தூக்கி நிமிர்வது, 100.

முதலில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவை, அதாவது மாவுச்சத்தை, வெட்டினால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு: ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, ரத்தம் அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சிறுநீரகக் கோளாறோ, ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் கீழே வரும் உப்புக் கணக்கும் புரதக் கணக்கும் அப்படியே பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

முதல் வாரம்

எடை 2.1 கிலோ இறங்கியது. இதில் மகிழ ஒன்றுமில்லை. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்த சர்க்கரைதான் கிளைகோஜன்; அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரும் போகும். மாவு குறைந்து இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் சோடியத்தையும் கூடுதலாக வெளியே தள்ளும். மூன்றாம் நாள் வருகிற தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். ‘மாவு இல்லாமல் உடம்பு தாங்கவில்லை’ என்று நான்காம் நாள் தோசைக்குத் திரும்புகிறவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது உப்புதான்.

பிடித்துப்போன அளவு: ஒரு லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் கல்லுப்புத் தூள் (சுமார் 3 கிராம்), அரை எலுமிச்சை. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு பாதி, பயிற்சிக்கு நடுவே மீதி. சமையலில் உப்பைக் குறைக்கவில்லை. தலைவலி ஐந்தாம் நாளோடு நின்றது.

ராடில் என்ன நடந்தது? ஸ்குவாட் முதல் இரண்டு செட் வழக்கம்போல, நான்காவதில் மூச்சு வாங்கல், ஐந்தாவது செட்டில் மூன்று ரெப்போடு ராடைத் தாங்கியில் வைக்க வேண்டியதாயிற்று. ஐந்து ரெப் செட் ஒன்று 20 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கான சக்தியில் பெரும்பங்கைத் தசையில் இருப்பில் உள்ள கிரியாட்டின் பாஸ்பேட் கொடுக்கிறது. மாவு குறைந்தாலும் அது குறைவதில்லை. அதைத் திரும்ப நிரப்ப நேரம்தான் வேண்டும். செட்டுக்கு நடுவே 90 நொடி ஓய்வு என்பதை 4 நிமிடமாக்கியதும் ஐந்து செட்டும் முடிந்தது. 12 ரெப், 15 ரெப் செட்டுகள் கிளைகோஜனைத் தின்பவை. அவை முதல் மூன்று வாரம் எப்படிப் போட்டாலும் உருப்படவில்லை, எடுத்துவிட்டோம்.

2, 3ஆம் வாரம்

எல்லாத் தூக்கலிலும் 10 சதவீதம் இறக்கி, ஸ்குவாட் 72.5 கிலோவில் நிறுத்தினோம். இந்த இரண்டு வாரமும் எடை ஏற்றப் பார்ப்பது வீண் பிடிவாதம்.

ராடு பற்றி ஒரு இடைச்செருகல். உள்ளூர் ஜிம்களில் எல்லா ராடும் 20 கிலோ இருப்பதில்லை. 12, 15 கிலோ ராடுகளும் அதே நீளத்தில் கிடக்கும். ஒருநாள் இந்த ராடு, மறுநாள் அந்த ராடு என்று எடுத்தால் ‘பலம் கூடியது’, ‘பலம் குறைந்தது’ என்பதெல்லாம் கற்பனைக் கணக்காகிவிடும். எடை பார்க்கும் மெஷினில் ராடைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை நின்றால் தெரிந்துவிடும். அடுத்தது, 1.25 கிலோ பிளேட் பெரும்பாலும் இருக்காது. 2.5 கிலோதான் சிறியது என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 5 கிலோ ஏற்ற வேண்டிவரும். எடை குறைந்துகொண்டிருக்கும் உடம்பில் பெஞ்ச் பிரஸுக்கு 5 கிலோ பாய்ச்சல் ஆகாது. சொந்தமாக ஒரு ஜோடி 1.25 வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது எந்தப் பவுடரையும்விட உபயோகமான செலவு.

4ஆம் வாரம்: கணக்கு உதைத்த இடம்

பெஞ்ச் பிரஸ் 52.5இல் அசையாமல் நின்றது. பயிற்சி முடிந்த வலி மூன்று நாள் நீடித்தது. சாப்பாட்டைத் தராசில் வைத்துக் கூட்டியபோது விஷயம் தெரிந்தது.

100 பாதாம் சுமார் 115 கிராம்: 665 கலோரி, புரதம் 24 கிராம். வெண்ணெய் டீயில் 30 கிராம் வெண்ணெய்: 215 கலோரி, புரதம் பூஜ்யம் என்றே சொல்லலாம். பனீர் 200 கிராம், வறுக்க ஒரு மேசைக்கரண்டி நெய்: 705 கலோரி, புரதம் 36. தேங்காய் 50 கிராம், காய்கள் 300 கிராம், தயிர் 200 கிராம் எல்லாம் சேர்ந்து 385 கலோரி, புரதம் 15. ஆக 1970 கலோரியில் 75 கிராம் புரதம். பலப்பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 74 கிலோவுக்கு அது 118. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது.

சைவக் குறைமாவு உணவில் சறுக்குவது இந்த இடத்தில்தான். அசைவத்தில் மாவை எடுத்தால் அந்த இடத்தில் கோழியும் மீனும் வந்து உட்கார்ந்துகொள்ளும், புரதம் தானாக ஏறும். சைவத்தில் அந்த இடத்துக்கு வருவது கொழுப்பு. பாதாமைப் புரத உணவு என்று நினைப்பது பெரிய தவறு. அதன் கலோரியில் முக்கால் பங்குக்கு அருகே கொழுப்புதான். போதாக்குறைக்கு லைசின் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு.

பருப்பு? நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் புரதம் உண்டு, கூடவே நார் போக 45 கிராமுக்கு மேல் மாவும் உண்டு. அதை வைத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது.

5ஆம் வாரம் முதல்

புதிய கணக்கு: புரதம் 120 கிராமுக்குக் குறையக்கூடாது, நார் கழித்த மாவு 70க்கு மேல் போகக்கூடாது, மீதிக் கலோரிக்குக் கொழுப்பு. இது கீட்டோ இல்லை. கீட்டோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 20, 30 கிராம் எல்லையில் சைவராகப் பயிற்சியும் செய்வது தினசரி வாழ்க்கையில் மிகவும் குறுகலான பாதை.

ஒரு பயிற்சி நாள் இப்படி அமைந்தது. காலையில் பாலிலிருந்து எடுத்த வே புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் (புரதம் 24), 30 பாதாம் (7). மதியம் பனீர் 150 கிராம் (27), காலிஃபிளவர் சோறு 200 கிராம் (4), கீரைப் பொரியல் (4). மாலை பயிற்சிக்கு 45 நிமிடம் முன்பு இரண்டு இட்லி (4). முடிந்ததும் இன்னொரு ஸ்கூப் (24). இரவு மீல்மேக்கர் 40 கிராம், உலர்ந்த எடையில் (21), காய் (3), வடித்த கெட்டித் தயிர் 150 கிராம் (10). மொத்தம் 128 கிராம் புரதம், சுமார் 64 கிராம் மாவு, மூன்று மேசைக்கரண்டி நெய் எண்ணெய் சேர்த்து 1880 கலோரி அளவில். பழைய கணக்கைவிட 90 கலோரி குறைவு, புரதம் 53 கிராம் கூடுதல்.

இட்லி ஏன்? இரண்டு இட்லியில் ஏறத்தாழ 20 கிராம் மாவு, எளிதில் செரிக்கும், கொழுப்பு இல்லை. நாள் முழுவதற்கான மாவில் மூன்றில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்ததும் ஐந்தாவது செட் திரும்பி வந்தது. தேங்காய்ச் சட்னி வேண்டாம். கொழுப்பு வயிற்றைவிட்டு நகர நேரமாகும், ஸ்குவாட்டில் குனியும்போது எதுக்களிக்கும். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 100 கிராமும் இதே வேலையைச் செய்கிறது.

பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பாதித் தவறுகள் அங்கேதான்.

பனீர். 6 சதவீதக் கொழுப்புப் பால் ஒரு லிட்டரில் வீட்டில் எடுத்தால் 200 கிராம் வரும். பாலிலேயே புரதம் 33 கிராம் அளவுதான். கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். ஆகவே வீட்டுப் பனீர் 100 கிராமுக்குப் புரதம் 15 என்று போடுவதே நியாயம், 18 என்று போட்டால் நம்மை நாமே ஏமாற்றுவது. அந்த 18 மேலே பாக்கெட் பனீருக்குப் போட்ட எண். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பராகிவிடும். வடித்த தண்ணீர் சத்து என்று ரசத்தில் சேர்ப்பார்கள். பாலின் லாக்டோஸ் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. 800 மில்லியில் 35 கிராமுக்கு மேல் சர்க்கரை. குறைமாவுக்காரர்கள் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம், அதுவும் தண்ணீர் கலந்து.

கடையில் உதிரியாக விற்கும் பனீரில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. சிறு துண்டைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்டு, டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு. நீலமாகக் கறுத்தால் மாவு இருக்கிறது. தாவர எண்ணெய் கலந்த போலியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

மீல்மேக்கர். நூறு கிராமில் புரதம் 52, நார் கழித்த மாவு 20 அளவு. விலைக்கு இதைப்போல ஒன்று சைவத்தில் இல்லை. எடையை உலர்ந்த நிலையில்தான் போட வேண்டும். ஊறியபின் மூன்று மடங்காகிவிடும். உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம், பிறகு பச்சைத்தண்ணீரில் போட்டுப் பிழிதல், இப்படி மூன்று முறை. பிழியாமல் விட்டால் அந்தப் பச்சை வாடை எந்த மசாலாவுக்கும் அடங்காது. 60 கிராம் போட்ட நாட்களில் வயிற்று உப்புசம். 40 கிராமில் பிரச்சினை இல்லை.

தயிர். அரை கிலோ தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் 4 மணி நேரத்தில் 220 கிராம் கெட்டித் தயிர். நம் ஊர் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் புளித்துப்போகும். வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜில் வடிப்பதே சரி.

காலிஃபிளவர் சோறு குழைந்து போவதற்குக் காரணம் மூடி. துருவியதை அகலமான சட்டியில் மூடாமல், பெரிய தீயில் 5 நிமிடம் வதக்கி, உப்பைக் கடைசியில் தூவினால் உதிரியாக நிற்கும். உப்பை முன்னால் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். குழம்பு பிசைய இது லாயக்கில்லை, எலுமிச்சை, தேங்காய், தயிர்த் தாளிப்புகளுக்குத்தான் பொருந்தும்.

குழம்பில் ஒளிந்திருக்கும் மாவும் கணக்கில் வர வேண்டும். எலுமிச்சை அளவுப் புளியில் 10 கிராம் அளவு. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி உரித்துப் போட்டால் இன்னொரு 10. வத்தக்குழம்பு ஒரு பானை நாலு பேருக்கு என்றால் பரவாயில்லை. ஒரே ஆள் மூன்று வேளை ஊற்றிக்கொண்டால் இட்லிக் கணக்கு அங்கேயே போய்விடுகிறது.

கிரியாட்டின் மோனோஹைட்ரேட் 5ஆம் வாரத்திலிருந்து தினம் 5 கிராம். இது இறைச்சியில் இருப்பது; சைவர்களின் தசையில் இருப்பு குறைவாகத்தான் இருக்கும், எனவே பலனும் தெரிகிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் எண் சற்று ஏறித் தெரியலாம். இதை எடுப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இல்லை. பி12 அளவும் அதே பரிசோதனையில் பார்ப்பது நல்லது.

6 முதல் 12ஆம் வாரம்

பெரிதாக எழுத ஒன்றும் நடக்கவில்லை, அதுவே நல்லது. ஸ்குவாட்டில் வாரம் 2.5 கிலோ, டெட்லிப்டிலும் அப்படியே, பெஞ்சில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 8ஆம் வாரம் மலச்சிக்கல். பாதாம் குறைந்து பனீர் கூடியதில் நார் இறங்கிவிட்டது. முருங்கைக்கீரையும் கொத்தவரங்காயும் 150 கிராம் கூட்டி, தண்ணீர் மூன்று லிட்டர் ஆனதும் சரியானது. 10ஆம் வாரம் ஒரு கல்யாணப் பந்தி: இலையில் கூட்டு, பொரியல், தயிர்ப் பச்சடி எல்லாம் இருந்தும் புரதம் மொத்தமே 10 கிராம் தேறவில்லை. பந்திக்குப் போகும் நாளில் காலையிலேயே இரண்டு ஸ்கூப் முடித்துவிட வேண்டும்.

12ஆம் வாரக் கடைசியில் எடை 69.8, இடுப்பு 85. ஸ்குவாட் 92.5, பெஞ்ச் பிரஸ் 57.5, டெட்லிப்ட் 112.5. பெஞ்ச் சொற்பமாகத்தான் ஏறியிருக்கிறது. எடை இறங்கும்போது முதலில் முரண்டு பிடிப்பது அதுதான்.

13ஆம் வாரத்திலிருந்து ஸ்குவாட் நாளில் மட்டும் நான்கு இட்லி, அதற்கு ஈடாக நெய் ஒரு கரண்டி குறைப்பு. 10 ரெப் செட்டுகள் திரும்ப உள்ளே வருகின்றன. எடை முதல் வாரம் சற்று ஏறலாம், அது பெரும்பாலும் தண்ணீர்.