வண்டி சாய்ந்தால் எது முதலில் தரையில் படும்?

புதிதாக பைக் ஓட்டுகிறவர்களின் வண்டி வேகத்தில் விழுவதைவிட நின்ற இடத்திலோ, நடக்கும் வேகத்திலோ சாய்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரேம்ப்பில் ஏறித் திரும்பும்போது, சிக்னலில் கால் ஊன்றிய இடத்தில் பள்ளம் இருக்கும்போது, யூ-டர்ன் பாதியில் என்ஜின் அணைந்துவிடும்போது என்று பெங்களூரில் அதற்கான இடங்களுக்குக் குறைவே இல்லை. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வாங்கியது ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350, எடை 181 கிலோ. அதனால் வண்டி ஒருநாள் சாயும் என்று வைத்துக்கொண்டே முதல் நாளிலிருந்து தயாரானேன்.

ஷோரூமில் டெலிவரிக்கு முன் ஒரு ஆக்சசரிஸ் பட்டியலை நீட்டுவார்கள். சீட் கவர், டேங்க் பேட், கிராஷ் கார்டு (வண்டி சாய்ந்தால் என்ஜின் தரையில் படாமல் தாங்கும் இரும்புக் குழாய்), பெரிய கண்ணாடி எல்லாம் ஒரே பேக்கேஜாக இருக்கும். எதற்கும் கையெழுத்துப் போடாமல் அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். பையனிடம் கன்னடத்தில் ஸ்பேனர் கேட்டுக்கொண்டே என்னிடம் தமிழில் பேசுவார்.

“என்ன மாட்டணும்னு அப்புறம் பேசலாம் தங்கச்சி. விழுந்தா எங்கெல்லாம் அடி வாங்கும்னு மொதல்ல பாரு” என்றவர் ஒரு நீளமான ரீப்பர் கட்டையை எடுத்தார். கட்டையின் ஒரு முனையை ஹேண்டில் பார் நுனியிலும் மறுமுனையை ஃபுட்ரெஸ்ட் நுனியிலும் வைத்துப் பிடித்தார். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தால் தரை இருக்கப்போவது கிட்டத்தட்ட அந்தக் கட்டை இருக்கும் கோட்டில்தான். கட்டையைத் தொடுவது, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, அதை ஒட்டி இருப்பது எல்லாம் ஆபத்தில் இருக்கும் பாகங்கள். இடது பக்கம் கிளட்ச் லீவர் நுனி, கண்ணாடி, கியர் லீவர். வலது பக்கம் முன் பிரேக் லீவர், பின் பிரேக் பெடல், சைலன்சர். இரண்டு பக்கமும் என்ஜின் கவர். இவற்றில் லீவர் உடைந்தால் மாற்றிவிடலாம். கியர் லீவர் உள்பக்கமாக வளைந்து என்ஜின் கவரில் இடித்து, கவர் விரிசல் விட்டால் ஆயில் ஒழுகும், வண்டி அங்கேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிகிற கீறலைப் பற்றியே கவலைப்படுகிறோம், நான் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்பது அங்கே நின்றபோது புரிந்தது.

பிறகு ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். வாசலிலேயே விதவிதமான கிராஷ் கார்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் உறுதியாகத்தான் தெரியும். கையில் எடுத்து வெல்டிங்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிலதில் குழாய் சேரும் இடத்தில் சுற்றிலும் வெல்டிங் ஓடியிருக்கிறது, சிலதில் அங்கங்கே பொட்டு வைத்ததோடு சரி. அதைவிட முக்கியம், கார்டு வண்டியில் எங்கே பிடிக்கிறது என்பது. ஒரே ஒரு போல்ட்டை நம்பித் தொங்கும் கார்டு விழும்போது அந்த போல்ட்டையே நெம்புகோலாகத் திருகும். அடி நேராக என்ஜின் மவுண்டுக்கு, அதாவது என்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் இடத்துக்குப் போய், கார்டு இல்லாமல் விழுந்திருந்தால் ஆகியிருக்கும் சேதத்தைவிட அதிகமாகிவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிடிமானம் பிரிந்திருக்க வேண்டும்.

அகலமும் பார்க்க வேண்டியது. ஹேண்டில் பாரைவிட வெளியே நீளும் கார்டு சில்க் போர்டு நெரிசலில் ஆட்டோவிலும் காரிலும் மாட்டி, அதுவே வண்டியைக் கீழே தள்ளும். வளைவில் சாய்த்து ஓட்டும்போது தரையில் உரசும். ஓடும்போது விழுந்தால் இரும்புக் குழாய் ரோட்டில் குத்தி, வழுக்கிப் போக வேண்டிய வண்டியைப் புரட்டிவிடவும் கூடும். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் குழாய்க்குப் பதிலாக கெட்டியான நைலான் உருளைகளை ஃபிரேம் ஸ்லைடர் என்று பொருத்துவது இதனால்தான். தரையில் பட்டால் அவை தேய்ந்தபடி வழுக்கும். நான் எடுத்தது ஹேண்டிலுக்குள் அடங்கும் குறுகலான கார்டு, வெளிமுனையில் நைலான் குமிழ் வைத்தது. கால் நீட்டி வைக்க பெக் வைத்த பெரிய கார்டைக் கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நகரத்துக்குள் ஓட்டிப் பழகுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாரண்டி பற்றி யோசிக்கிறவர்கள் கம்பெனி ஆக்சசரியையே வாங்கிவிடுங்கள். விலை கூடத்தான், ஆனால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

மாட்டும்போது கூடவே நின்றேன். என்ஜின் மவுண்ட் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் கீழே ஜாக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும்தான் தொட வேண்டும். அண்ணன், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். ஸ்பேனரில் கால் வைத்து மிதிக்கிற கடையாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காசே செலவில்லாத ஒரு வேலையும் செய்தார். கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்தி, ஓட்டும்போது அசையாத, ஆனால் பலமாக அடிபட்டால் ஹேண்டிலைச் சுற்றித் திரும்பிக்கொள்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினார். விழும்போது லீவர் எதிர்த்து நின்றால்தான் உடையும், திரும்பிக்கொடுத்தால் தப்பிக்கும். முன் பிரேக் பக்கம் கை வைக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அங்கே சின்ன சந்தேகம்கூட இருக்கக் கூடாது.

சாரி கார்டை அழகுக்காகக் கழற்றச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். கழற்றவில்லை. பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் பாதுகாப்பு, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்பவை. பின்னால் உட்காரும் என் அம்மாவின் புடவையைவிட வண்டியின் தோற்றம் எனக்குப் பெரிதில்லை.

இரும்பு மாட்டுவதெல்லாம் இரண்டாம் பட்சம். வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் ஒரே பழக்கம்: ஹேண்டிலைத் திருப்பிய நிலையில், மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. முன்பக்கம் அமுங்கி, பாரம் முழுக்கத் திரும்பியிருக்கும் பக்கம் இறங்கும். 181 கிலோவை என் ஒற்றைக் கால் தாங்காது. ஞாயிறு அதிகாலையில் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளியின் ஓரத்துக் காலி ரோட்டில், கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்தி எட்டு போட்டுப் பழகினேன். மெதுவான வேகத்தில் வலது கை விரல்கள் முன் பிரேக் லீவர் பக்கமே போகாத அளவுக்கு அது பழக வேண்டும்.

செப்டம்பர் மழையில் அந்தத் தயாரிப்புக்கு வேலை வந்தது. குழாய் வேலைக்குத் தோண்டி மூடிய எங்கள் தெருவோர மண் இரவு மழையில் ஊறி, சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்கி, வண்டி இடது பக்கம் படுத்திருந்தது. கார்டு முனை மண்ணில் ஊன்றியிருந்தது. கியர் லீவருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. கிளட்ச் லீவர் மேல்நோக்கித் திரும்பியிருந்தது, உடையவில்லை. கண்ணாடி போனது. ஹேண்டில் பார் நுனியில் கீறல்.

தூக்குவதற்கும் முறை இருக்கிறது. வண்டியைப் பார்த்துக் குனிந்து இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் பின்பக்கத்தை அண்டக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறுகையால் கைப்பிடியையும் பிடித்துக் கால்களால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். கியரில் இருந்தால் உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் முன்கூட்டியே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடலாம். இடது பக்கம் என்றால் நிமிர்ந்ததும் அந்தப் பக்கம் கவிழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் நின்றால் நல்லது. அன்று காவலாளி தாத்தா நின்றார். நிமிர்த்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பெட்ரோல் வாடை, கீழே ஆயில் சொட்டு, பிரேக்கின் பிடிப்பு, ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்பினேன். ஓடும்போது விழுந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வு சென்சார் என்ஜினை அணைத்துவிடும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கேட்கவில்லை. கேட்டால், ஒரு கிளெய்ம்கூட இல்லாத முதல் வருடத்துக்குக் கிடைக்கும் 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். பெரிய சேதத்துக்காக, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்து வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் 50 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். வெளியே வாங்கி மாட்டிய கார்டைப் பாலிசியில் தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது.

அந்த விழுதலுக்குப் பிறகு அண்ணன் கார்டு போல்ட்டுகளை மாற்றிவிட்டார். ஒருமுறை அடி வாங்கிய போல்ட் உள்ளுக்குள் நீண்டிருக்கலாம் என்றார். புது போல்ட் தலையிலிருந்து ஃபிரேம் வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். வண்டி கழுவும்போதெல்லாம் அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன், முறிந்திருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.