தொடுதிரையில் தாளம்: டிஎஸ் விளையாட்டு வேலையிலிருந்து சில குறிப்புகள்

பாட்டின் தாளத்துக்குத் தட்டி ஆடும் தாள விளையாட்டு எழுத உட்காருபவர் முதலில் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பிரேமை, அதாவது திரையில் மாறிமாறி வரும் படங்களை, எண்ணி நேரம் பார்ப்பது. நொடிக்கு 60 பிரேம். நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டில் பீட்டுக்கு அரை நொடி, அதாவது 30 பிரேம். கணக்கு அழகாக வருகிறது. நிண்டெண்டோ டிஎஸ்ஸில் (மேலே ஒரு திரை, கீழே ஒரு தொடுதிரை உள்ள கையடக்க விளையாட்டுக் கருவி) ஓட்டிப் பார்த்தால் பல்லவி வரை ஒட்டிக்கொண்டே போகும். பாட்டு முடிகிற நேரத்தில் தட்ட வேண்டிய வட்டங்கள் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். அந்தக் கருவியின் திரை நொடிக்கு 60 முறை மாறுவதில்லை, 59.83 முறைதான். இரண்டு நிமிடப் பாட்டில் 7,200 பிரேமுக்குப் பதில் 7,179 தான் வரும். குறைகிற 21 பிரேம் என்பது 0.35 நொடி. அந்த விளையாட்டை அதற்குமேல் யாரும் விளையாட முடியாது.

அதைச் சரிசெய்ததும் அடுத்த பள்ளம். பாட்டை 32,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 32,000 சாம்பிளாக (ஒலியின் தனித்தனி அளவுகளாக), பதிந்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். டிஎஸ்ஸின் ஒலிப் பகுதி 1,67,56,991 ஹெர்ட்ஸ் கடிகாரத்தை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் வேகத்தை எடுக்கும். 32,000 வேண்டுமென்றால் 523.66-ஆல் வகுக்க வேண்டும், பின்னத்துக்கு இடமில்லை. 524 போட்டால் கிடைப்பது 31,979. இரண்டு நிமிடப் பாட்டு 79 மில்லிநொடி கூடுதலாக ஓடும். விளையாடிப் பார்ப்பவருக்கு இது உறைக்கும், ஆனால் சொல்ல வராது. “கடைசில என்னமோ ஒட்டல” என்பார். டெஸ்டிங் குறிப்பில் “கடைசிச் சரணம் ரொம்பக் கஷ்டம்” என்று எழுதுவார். பீட்மேப் (எந்த வட்டம் எங்கே, எப்போது வரும் என்ற வரைபடம்) போட்டவர் அதை நம்பிச் சரணத்தை எளிதாக்கிவிடுவார். கோளாறு இருந்ததோ வகுத்தலில்.

இதுவரை எத்தனை சாம்பிள் ஒலித்திருக்கிறது என்பதைத்தான் நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டம் எப்போது தோன்றுவது, எந்த அளவு சுருங்கியிருப்பது, தட்டியது சரியா தவறா, எல்லாம் அந்த எண்ணிலிருந்து வரட்டும். பிரேம் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் படம்தான் துள்ளும், தாளம் கெடாது. டிஎஸ்ஸில் ஒலிச் சேனலிடம் “எந்த இடத்தில் இருக்கிறாய்?” என்று கேட்க வழி கிடையாது. அதனால் ஒரு ஹார்ட்வேர் டைமரைப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டியிருக்கும். டைமரின் கடிகாரம் ஒலிப் பகுதியுடையதைப் போல இருமடங்கு வேகம். ஆகவே அங்கே 524 என்றால் இங்கே 1,048. இரண்டும் ஒரே மூலக் கடிகாரத்திலிருந்து வருவதால் பாட்டு எவ்வளவு நீண்டாலும் பிரியாது.

நினைவகக் கணக்கும் கறார்தான். சாம்பிளுக்கு 4 பிட்டாகச் சுருக்கினாலும் 32,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ நொடிக்கு 32,000 பைட் கேட்கும். இரண்டு நிமிடத்துக்கு 38 லட்சம் பைட்டைத் தாண்டும். டிஎஸ்ஸின் மொத்த முதன்மை நினைவகமே 4 மெகாபைட். ஆகவே பாட்டைக் கேம் கார்டிலிருந்து துண்டு துண்டாக இழுத்துப் போட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒலிப் பகுதிக்கு அந்த 4 பிட் வடிவத்தை நேரடியாக வாசிக்கத் தெரியும் என்று நம்பி அதைச் சுழலும் பஃபரில் (முடிவுக்கு வந்ததும் தொடக்கத்துக்கே திரும்பும் தற்காலிக நினைவிடம்) போட்டால், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அது முதல் சுற்றில் சேமித்த பழைய மதிப்பிலிருந்து ஆரம்பிக்கும். புதுத் துண்டுக்கு அது பொருந்தாது, கரகரக்கும். நிரலிலேயே விரித்து 16 பிட்டாக ஊட்டுவதுதான் பாதுகாப்பு. தட்டும்போது வரும் கைத்தட்டல், விசில் போன்ற சின்ன ஒலிகளை மட்டும் முழுதாக நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரையைத் தட்டும் குச்சியான ஸ்டைலஸ் பிளாஸ்டிக்கில் படும் ‘டொக்’ ஒலி காற்று வழியே உடனே காதுக்கு வந்துவிடுகிறது. விளையாட்டின் ஒலி இரண்டு பிரேம் தாமதித்தாலும் ஒரே தட்டு இரண்டு தட்டாகக் கேட்கும்.

டிஎஸ்ஸின் திரை அழுத்தத்தில் இயங்குவது. மேல் படலம் வளைந்து கீழ்ப் படலத்தைத் தொட்டால்தான் புள்ளி கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒரே புள்ளிதான். இரண்டு விரல் வைத்தால் நடுவில் எங்கோ ஒரு இடத்தைக் காட்டும். குச்சி படும்போது பிரச்சினை அதிகமில்லை. எடுக்கும்போதுதான் வம்பு. அழுத்தம் குறையக் குறையத் தொடர்பு நழுவி, கடைசி அளவு பத்து இருபது புள்ளி தள்ளிப் போய் விழும். வட்டத்தைத் தட்டுவதற்கு இது பொருட்டில்லை, பட்ட கணத்தை மட்டும் பார்த்தால் போதும். பாதையில் இழுத்துக்கொண்டே போகிற குறிகளில்தான் கடிக்கும்: சரியாக இழுத்து முடித்தவருக்கும் கடைசியில் தவறு என்று வரும். இழுப்பின் கடைசி அளவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, பாதையின் அகலத்தைப் படத்தில் தெரிவதைவிடக் கூட்டி வைப்பது, இரண்டும் செய்தால் புகார் நிற்கும். 2008-இல் ஜப்பானில் இதே கருவிக்கு வந்த ‘ரிதம் தெங்கோகு கோல்ட்’ குச்சியைச் சுண்டி எடுப்பதையே தாளமாக வைத்தது. துணிச்சலான முடிவு. எடுக்கிற கணத்தை நம்பியிருக்கிற எந்த வடிவமைப்பையும் நாங்கள் பயத்தோடுதான் தொடுவோம்.

இந்த வகையில் இன்னும் பாடமாக நிற்பது 2005 ஜூலை 28 அன்று ஜப்பானில் வெளியான ‘ஓஸ்! தத்தக்காயே! ஓயெந்தான்’. செய்தது ஐனிஸ் நிறுவனம், வெளியிட்டது நிண்டெண்டோ. ஐனிஸை நிறுவியவர்களில் ஒருவரான கெய்இச்சி யானோவின் குழு அதற்கு முன்பு பிளேஸ்டேஷன் 2-க்கு ‘கிட்டாரூ மேன்’ செய்திருந்தது. ஓயெந்தான் என்றால் ஜப்பானியப் பள்ளி, கல்லூரிகளில் கறுப்புச் சீருடையில் நின்று தொண்டை கிழியக் கத்தி ஊக்கப்படுத்தும் அணி. விளையாட்டின் கதையில், நுழைவுத் தேர்வுக்குப் படிக்க முடியாமல் தவிக்கும் பையன் “ஓயெந்தான்!” என்று கூவினால் அவர்கள் வந்து ஆடுவார்கள், நம் தட்டல் சரியாக இருந்தால் அவன் படிப்பான்.

செய்முறை எளிது. எண் போட்ட வட்டம் தோன்றும். அதைச் சுற்றி ஒரு பெரிய வளையம் சுருங்கி வரும். இரண்டும் ஒன்றும்போது தட்ட வேண்டும். பாதையில் உருளும் பந்தைக் குச்சியால் பின்தொடர்வது ஒன்று, சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்று. மேலிருந்து குறி விழும் விளையாட்டுகளில் கண் ஒரே கோட்டில் நிற்கும். இங்கே குறி எங்கு வேண்டுமானாலும் வரும். ஆகவே எண் வரிசையைச் சொல்கிறது, ஒரே நிறம் ஒரே சொற்றொடர் என்பதைச் சொல்கிறது, வளையம் நேரத்தைச் சொல்கிறது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் படிக்கவே முடியாது.

இந்த வடிவத்தில் பீட்மேப் போடுபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கை. திரை 256-க்கு 192 புள்ளி, மூலைக்கு மூலை 3 அங்குலம். ஒரு புள்ளி கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வலது கைக்காரர் திரையின் நடுவில் குச்சியை ஊன்றினால் கீழ் வலது மூலை அவருடைய கைக்கடியில் மறையும். 3-ஆம் வட்டம் நடுவில், 4-ஆம் வட்டம் கீழ் வலது மூலையில், இடைவெளி 200 மில்லிநொடி என்று போட்டால், 4 வந்ததே அவருக்குத் தெரியாது. கணினியில் மவுஸை வைத்துப் பீட்மேப் போடுபவருக்கு இது ஒருபோதும் பிடிபடாது, மவுஸ் எதையும் மறைப்பதில்லையே. கருவியில் ஏற்றி, குச்சியால், இடது கைக்காரர் ஒருவரையும் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, தூரமும் நேரமும் சேர்ந்தே நடக்கட்டும். 150 டெம்போவில் (நிமிடத்துக்கு 150 பீட்) கால் பீட் என்பது 100 மில்லிநொடி. அந்த நெருக்கத்தில் வரும் வட்டங்களைத் தொட்டாற்போல அடுக்கி, அரை பீட் இடைவெளி உள்ளவற்றைத் தள்ளி வைத்தால், பாட்டைக் கேட்காமலேயே தாளத்தைப் பாதி படித்துவிடலாம். அதை மாற்றி வைப்பது கடினமாக்குவதாகாது, ஏமாற்றுவது.

பாடுபவரைப் பின்தொடர்வதா டிரம்ஸையா என்ற கேள்விக்கு எங்கள் பதில், ஒரு சொற்றொடருக்குள் மாற்றாதே என்பதுதான். நிறம் மாறும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். மனிதர் அடித்த டிரம்ஸ் என்றால் டெம்போ 150 என்று ஒரே எண்ணாக நிற்காது. நாலு நாலு தாளச் சுற்றுக்கு ஒருமுறையாவது, பீட் உண்மையில் விழும் இடத்தைச் சொல்லும் நேரப்புள்ளி குறிக்க வேண்டும்.

கதை மேல்திரையில் ஓடுகிறது, ஆடுபவருக்கோ கீழ்த்திரையை விட்டுக் கண் எடுக்க நேரமில்லை. இதை ஓயெந்தான் சமாளித்த விதம் நன்று: பாட்டின் இடைவெளிகளில் கைக்கு ஓய்வு கொடுத்து, அதுவரை ஆடியதற்கேற்ப நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு துண்டுக் காட்சி. பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு முழுக் கதையும், ஆடுபவருக்கு முடிவுகளும் கிடைக்கும்.

2006 நவம்பரில் அமெரிக்காவுக்கு ‘எலீட் பீட் ஏஜென்ட்ஸ்’ வந்தபோது ஊக்க அணியை ரகசிய ஏஜென்டுகளாக மாற்றினார்கள். தட்டும் முறை அப்படியே இருந்தது. 2007 மே மாதம் ஓயெந்தான் இரண்டாம் பாகம். அதே ஆண்டு செப்டம்பரில் கணினிக்கு ‘ஓசு!’ வந்து பீட்மேப் போடும் வேலையை ஆடுபவர்களிடமே கொடுத்தது. அதன் ஆடுகளம் 512-க்கு 384, டிஎஸ் திரையின் சரியான இருமடங்கு. அதன் எண்களைப் புதிதாக இந்த வேலைக்கு வருபவர் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. நடுத்தரக் கண்டிப்பு எண்ணான 5-இல் முழு மதிப்பெண்ணுக்கு முன்னும் பின்னும் 50 மில்லிநொடி, அடுத்ததற்கு 100, கடைசிக்கு 150. வட்டம் தோன்றித் தட்டும் வரை, வேக எண் 5-இல் 1,200 மில்லிநொடி, 9-இல் 600.

கைப்பேசிக்குப் போனால் ஒலித் தாமதம் கருவிக்குக் கருவி மாறும். புளூடூத் இயர்போன் போட்டால் 200 மில்லிநொடிகூடப் போகலாம். அளந்து சரிசெய்யும் திரை இல்லாமல் வெளியிடக் கூடாது. ஒலியை மட்டும் கேட்டு 20 முறை தட்டச் சொல்லி, முதல் நான்கை விட்டுவிட்டு, மீதியில் சராசரியை எடுக்காமல் நடு மதிப்பை எடுக்க வேண்டும். ஒரு தட்டு தவறினாலும் சராசரி நகர்ந்துவிடும். கண் பார்த்துத் தட்டும் சோதனை தனி, இரண்டையும் கலக்கக் கூடாது. தாளம் போடுகிற கை இயல்பாகவே ஒலிக்குச் சில மில்லிநொடி முந்தும், கச்சேரியில் தொடையில் தட்டுகிறவரையும் சேர்த்து. அந்த முந்தலும் அளவிலேயே வந்துவிடுகிறது, அதைத் தனியாகக் கழிக்க வேண்டாம்.